வாலில் ஓடும் எஞ்சின்

விமானத்தைக்கூடப் பழுது பார்த்துவிடலாம்; அதைத் தோட்டத்து லய வீட்டுக்கு வந்து விளக்கிச் சொல்வதுதான் கஷ்டம். உங்கள் வேலையையும் வீட்டில் வேறு ஏதோவாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்களா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான்.

பெருசும் சிறுசும்

எங்கள் வீடு டயகம தேயிலைத் தோட்டத்தில். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். நான் விமானப் பொறியியலாளர் லைசன்ஸ் வாங்கிய வாரமே, "எங்க மக பிளேன் ஓட்டுது" என்று மலை முழுக்கச் சொல்லிவிட்டார். அடுத்த லீவில் உட்கார வைத்து விளக்கினேன். விமானத்தின் வால் நுனியில் சின்னதாக ஒரு எஞ்சின் இருக்கிறது, ஏ.பி.யூ. என்போம். அது விமானத்தைத் தள்ளாது. தரையில் நிற்கும்போது கரண்டும் காற்றும் கொடுத்து, பெரிய எஞ்சின்களைக் கிளப்பிவிடும். அதோடு அதை அணைத்துவிடுவதுதான் வழக்கம். சில நேரம் மட்டும் விமானம் மேலே ஏறும்போதும் ஓடவிடுவார்கள். அதில்தான் எனக்குத் தனிப் பயிற்சி என்றேன்.

அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "ஏன் புள்ள, பெருச ஒங்கிட்ட குடுக்க மாட்டேங்கிறாங்களா?"

கினிகத்தேனை ஏத்தம்

இன்னொரு லீவில் கொழும்பிலிருந்து ஊர்ப்பக்கம் ஹட்டனுக்கு, வாடகை வேன் ஓட்டும் செல்வம் அண்ணனோடு வந்தேன். நல்ல வெயில், வேன் நிறைய ஆள், கூரையில் பெட்டிகள். கினிகத்தேனை மலை ஏத்தத்தில் அண்ணன் ஏசியை அணைத்தார். பின்சீட்டில் முணுமுணுப்பு. "ஏசி போட்டா வண்டி ஏறாதுங்க" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பிளேனுக்கும் இதே பாடுதான் என்றேன். வெயில் கடுமையாக இருந்து, பாரமும் கூடி, ஓடுபாதையும் நீளம் போதாவிட்டால், உள்ளே ஏசிக்குக் காற்று கொடுக்கும் வேலையை வாலில் உள்ள சின்ன எஞ்சின் எடுத்துக்கொள்ளும். பெரிய எஞ்சின்கள் முழுப் பலத்தையும் ஏறுவதற்கே கொடுக்கும். ஆட்களுக்கும் வேர்க்காது. அண்ணன் கியரை மாற்றி அடுத்த வளைவில் வண்டியைத் திருப்பினார். பிறகு சொன்னார்: "நம்ம வேனுக்கும் பின்னால ஒண்ணு பூட்டிக் குடுங்க தங்கச்சி."

மூன்றாவது தடவை

ஒரு தடவை விமானத்தோடு கூடப்போகும் பொறியியலாளராக வளைகுடாப் பக்கம் போயிருந்தேன். போய் இறங்கியதும் இடது எஞ்சினின் ஜெனரேட்டர் கைவிட்டது. மாற்றுச் சாமான் மறுநாள்தான் வரும். விதிப் புத்தகத்தில் ஒரே ஒரு வழி இருந்தது: ஏறுவதிலிருந்து இறங்கும் வரை ஏ.பி.யூ. ஓடி, அந்தப் பக்கத்துக் கரண்டைக் கொடுத்தால் புறப்படலாம். அதைக் கிளப்பினேன், நின்றது. மறுபடி கிளப்பினேன், மறுபடி நின்றது. "மூணாவது தடவையும் நின்னா இன்னைக்குப் பயணம் இல்ல" என்று கேப்டன் சிங்களத்தில் சொன்னார்.

கருவிப்பெட்டியை எடுக்க விமான நிலையத்துக்குள் வந்தபோது, காத்திருந்த பயணிகளில் ஒரு அக்கா என் கையைப் பிடித்தார். அங்கே வீட்டு வேலைக்கு வந்தவர், எங்கள் மலைப்பக்கத்து வட்டவளைக்காரர். நான் போனில் அம்மாவோடு பேசியதைக் கேட்டிருக்கிறார். "பிளேன் போகுங்களா? எங்கம்மா தவறிட்டாங்க, நாளைக்குப் பின்னேரம் எடுக்குறாங்க." பார்க்கிறேங்க அக்கா என்று மட்டும் சொன்னேன். போகும் என்று சொல்ல நாக்கு துடித்தது; சொல்லவில்லை. யாருடைய கண்ணீருக்காகவும் சரியில்லாத எஞ்சினுக்குக் கையெழுத்துப் போட முடியாது.

ஏணியில் ஏறி வாலின் மூடியைத் திறந்தேன். உள்ளே அடுப்படிச் சூடு. காற்று உள்ளே போகும் கதவு பாதி திறந்து நின்றுவிடுவது தெரிந்தது. காரணம், அதன் வயர் இணைப்பில் புழுதி. கழற்றித் துடைத்து, இறுக்கிப் பூட்டி, கதவை ஆறு முறை திறந்து மூடிப் பார்த்தேன். மூன்றாவது தடவை கிளப்பியதும் பிடித்துக்கொண்டது. அரை மணித்தியாலம் ஓடவிட்டு, எல்லா அளவும் சரி என்று கண்டபிறகே விமானத்தின் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்திட்டேன். கேப்டன் என் பெயரை ஒருமுறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடினார்.

கடைசி வரிசையில் இடம் கேட்டு வாங்கினேன். ஓடுபாதையில் பெரிய எஞ்சின்கள் முழங்கின. என் காது முழுக்க முதுகுக்குப் பின்னால், அந்தச் சின்னச் சீறலில்தான் இருந்தது. சக்கரம் தரையை விட்டது, சீறல் நிற்கவில்லை. கொழும்பில் இறங்கும் வரை நிற்கவில்லை. லைசன்ஸ் கிடைத்த அன்றுகூட நான் அவ்வளவு நிமிர்ந்து உட்காரவில்லை. இறங்கும் வழியில் அந்த அக்கா எனக்காக நின்றிருந்தார். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. "நீங்க எந்தத் தோட்டம், எந்த டிவிசன்? யாரு கொண்டாந்து சேத்ததுன்னு வீட்டுல கேப்பாங்க, சொல்லணும்."

ஆக, ஒழுங்காக ஓடினால் யார் கண்ணிலும் படாத எஞ்சினுக்கு வேலை பார்ப்பவர்கள் நாங்கள். தப்பித் தவறி யாராவது பேர் கேட்டால், தோட்டத்தின் பேரையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் நகர்வோம்.