கோலி மேஸ்திரியின் விரல்

குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டுகிற அந்த ஆளுக்குக் கோலி மேஸ்திரி என்றுதான் பேர். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் முன்னால் பச்சைக் கோலி ஒன்றைத் தரையில் விடுவார். அது உருண்டு நேரே தண்ணீர் போகிற ஓட்டைக்குப் போகும். "தண்ணி ஓடுற வாட்டம் பாத்தீங்களா சார்?" என்று மீசையைத் தடவுவார்.

விஷயம் என்னவென்றால், சின்ன வயதில் பத்தடி தள்ளி நின்று குழியில் கோலி அடித்த கை அது. வைக்கிற மாதிரி வைத்து, விரலால் லேசாகச் சுண்டிவிடுவார். வாட்டம் தப்பினாலும் விரல் தப்பாது.

போன வாரம் சொந்த வீட்டுக் குளியலறையை முடித்தார். மறுநாள் மச்சான் பார்க்க வருவதாக இருந்தான். அவனும் டைல்ஸ் மேஸ்திரி. ஒரு குறை கிடைத்தால் ஊரெல்லாம் தமுக்கு அடிப்பான்.

"குடுங்க, நானே விடுறேன்" என்று மனைவி கோலியைப் பிடுங்கினாள். அவளுக்குச் சுண்டத் தெரியாது. சும்மா வைத்தாள். கோலி ஓட்டைக்கு முதுகைக் காட்டிவிட்டு, கதவு வைக்காத வாசலைத் தாண்டி, படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"கோலி பழசுடி, கோணிப்போச்சு."

"அப்போ கட்டிலுக்கு அடியிலயே குளிங்க. அண்ணன் வந்தா தண்ணி மொண்டு ஊத்துவாரு."

மேஸ்திரி உளியை எடுத்து டைல்ஸைப் பெயர்க்க உட்கார்ந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்த கோலியை மட்டும் அவள் திருப்பித் தரவே இல்லை.