நாலு விரல் நீண்ட சங்கிலி

வீடு கட்ட அனுமதி கேட்டு வருகிறவர்களை நான் இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தேன். கெஞ்சுகிறவர்கள், சத்தம் போடுகிறவர்கள். இரண்டு பேருக்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. எஸ்தரம்மா இந்த இரண்டிலும் சேரவில்லை. அவர் ஒரு கேள்வி கேட்டார். என் சர்வீஸையே திருப்பிப் போட்ட கேள்வி அது ஒன்றுதான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பேரூராட்சியில் ஓவர்சீராக இருந்தேன். ஊர்ப்பெயர் வேண்டாம். மனு வந்தால் சர்வே ஸ்கெட்சை எடுத்துக்கொண்டு மனைக்குப் போய் அளப்பேன். பிளானோடு ஒத்துப் பார்த்துக் குறிப்பு எழுதுவேன். அதை வைத்துத்தான் நிர்வாக அதிகாரி, எங்கள் வாயில் இ.ஓ., மாதாந்திரக் கூட்டத்தில் மனுவை வைப்பார். மீட்டர் கணக்கு வந்துவிட்ட காலம்தான். ஆனாலும் பழைய ஸ்கெட்சுகள் எல்லாம் லிங்க்ஸ் கணக்கிலேயே இருந்தன. அதற்கென்று ஆபீஸில் ஓர் இரும்புச் சங்கிலி உண்டு. நூறு லிங்க், அறுபத்தாறு அடி. செயின்மேன் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் வர, நான் முன்னால் நடப்பேன். அந்த மிடுக்கை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

எஸ்தரம்மா கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்தார். கணவர் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகளோடு கடைக்குப் பின்னால் ஒரே அறையில் குடியிருந்தார். கட்டடத்துக்காரர் ஆடிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். வாய்க்கால் ஓரத்தில் ஒரு சின்ன மனையை வாங்கி, முன்னறையில் மெஷினும் கட்டிங் டேபிளும், பின்னால் குடியிருப்புமாகப் பிளான் போட்டுக் கொண்டுவந்தார். மனைக்கு முன்னால் ரோடு, பின்னால் வாய்க்கால். வாய்க்கால் எல்லையிலிருந்து பத்து அடி தள்ளித்தான் சுவர் எழுப்ப வேண்டும்.

அந்த எல்லையைத் தீர்மானிக்கும் சர்வே கல் வாய்க்காலுக்கு அக்கரையில் தூரத்தில் இருந்தது. கல்லிலிருந்து ஸ்கெட்சில் கண்டபடி இரண்டே முக்கால் சங்கிலி அளந்து எல்லைக்கு முளை அடித்தேன். முளையிலிருந்து ரோடு வரை பிளானுக்கு எட்டு இஞ்சு பற்றவில்லை. எட்டு இஞ்சுதானே, வீட்டைச் சுருக்கி வேறு பிளான் போட்டுக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

எஸ்தரம்மா பின்னாலேயே வந்தார்.

"வேற பிளான் குடுத்தா அது அடுத்த கூட்டத்துக்குத்தான் சார் வரும். அதுக்குள்ள லோயர் கேம்ப்புல தண்ணியத் தொறந்துருவாக. வாய்க்கா ஓரத்துல வானம் தோண்டுனா ஊத்தெடுத்து நிக்கும். பிள்ளைகளோட நான் எங்கன போவேன்?"

அவர் சொன்னது சரிதான். வாய்க்காலில் அணைத் தண்ணீர் ஓட ஆரம்பித்தால் அந்த ஓரத்தில் வானம் தோண்டி அஸ்திவாரம் போட அறுவடை முடிய வேண்டும். நான் ரூல் பேசினேன். ரூல் பேசுவது சுலபம்.

மறுநாள் காலை ஆபீஸுக்கு வந்தார். கையில் தையல் டேப், ஓர் இரும்பு ஸ்கேல், துணியில் கோடு போடும் சாக்கட்டி. இன்னொரு தடவை கெஞ்சப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

"டேப்பு பழசானா நீளும் சார். மாசம் ஒருக்கா இந்த இரும்பு ஸ்கேல்ல வச்சுப் பாத்துக்கிருவேன். ஒங்க சங்கிலிய நீங்க எதுல வச்சுப் பாப்பீக?"

அதற்கு வழி இருந்தது. தாலுகா ஆபீஸ் வளாகத்தில் சங்கிலியைச் சோதிக்கவென்றே இரண்டு கல் நட்டிருந்தார்கள். மாதம் ஒரு முறை கொண்டுபோய் வைத்துப் பார்த்து, பதிவேட்டில் எழுத வேண்டும். நான் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். "சோதிக்கப்பட்டது, சரி." நான்கு வருடமாக நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் எழுதியது.

துணி டேப்பால் இரும்பை அளப்பதா என்று கேலி பேசினேன். உள்ளே இருந்து இ.ஓ. வெளியே வந்தார்.

"அளக்கட்டுமேய்யா. அளந்தா தேஞ்சா போயிரும்?"

முற்றத்தில் சங்கிலியை நீட்டிப் பிடித்தோம். எஸ்தரம்மா முதலில் டேப்பை ஸ்கேலின் மேல் வைத்து எங்களுக்குக் காட்டினார். பிறகு முழங்காலிட்டு அளக்கத் தொடங்கினார். டேப்பை இழுக்கவும் இல்லை, தொய்யவிடவும் இல்லை. ஒரு கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, தரையில் நூல் மாதிரி மெல்லிய கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து அடுத்த ஐந்து அடி. வரி கட்ட வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பதின்மூன்று டேப், அதற்கு மேல் ஒரு அடி. கடைசிக் கோட்டைத் தாண்டி எங்கள் சங்கிலியின் பித்தளைப் பிடி நாலு விரற்கடை வெளியே கிடந்தது.

இ.ஓ. என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த பஸ்ஸிலேயே சங்கிலியோடு தாலுகா ஆபீஸுக்குப் போனேன். கல்லுக்கு வெளியே அதே நாலு விரல். "இழுத்துப் பிடிய்யா" என்று செயின்மேனை வருடக்கணக்காக நான் போட்ட அதட்டலில் வளையங்கள் எல்லாம் வாய் திறந்திருந்தன. அவமானம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பிரமிப்பு. படித்த படிப்பும் அரசாங்க முத்திரையும் எனக்குச் சொல்லித்தராத சந்தேகத்தை, ஜாக்கெட் தைக்கிற ஒரு பெண் மாதாமாதம் தன் டேப்பின் மேலேயே கொண்டிருந்திருக்கிறார்.

தாலுகா ஆபீஸ் சங்கிலியை இரவல் வாங்கி வந்து திரும்ப அளந்தேன். நீண்ட சங்கிலியால் ரோட்டுப் பக்கம் தள்ளிப்போயிருந்த முளையைப் பிடுங்கி வாய்க்கால் பக்கம் நகர்த்தி அடித்தேன். எட்டு இஞ்சும் கிடைத்தது. அந்த மாதக் கூட்டத்திலேயே அனுமதி ஆனது. தண்ணீர் வந்தபோது கடைக்கால் தரைக்கு மேலே எழும்பியிருந்தது.

அதோடு முடிந்துவிடவில்லை. வாய்க்கால் ஓரத்து மனுக்களில் நான் திருப்பி அனுப்பியவற்றைத் தேடி எடுத்தேன். பதினொன்று. ஒவ்வொரு வீடாகப் போய் உண்மையைச் சொன்னேன். சிலர் இன்னும் கட்டியிருக்கவில்லை, அவர்களுக்குச் சரிசெய்து கொடுத்தேன். ஒருவர் என் பேச்சைக் கேட்டு அடுப்படியைச் சுருக்கிக் கட்டி முடித்துவிட்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, உள்ளே சமைத்துக்கொண்டிருந்த மனைவியைக் காட்டினார்.

"அப்ப, இவ ரெண்டு வருசமா செவுத்துல முழங்கைய இடிச்சுக்கிட்டது ஒங்க சங்கிலியாலதானா?"

ஆமாம் என்றேன். அந்தச் சுவரை இனி ஒன்றும் செய்ய முடியாது.

எஸ்தரம்மா இந்த விஷயத்தை ஊரில் யாரிடமும் பேசவில்லை. புது வீட்டுக்குக் குடி போன பிறகு ஒரு சட்டைத் துணி எடுத்துக்கொண்டு அங்கே போனேன். என்னை நிற்க வைத்துவிட்டு, டேப்பை எடுத்து ஸ்கேலின் மேல் வைத்துப் பார்த்தார். எனக்காகத்தான் செய்கிறாரோ என்று கூச்சமாக இருந்தது.

"இந்த மாசம் ஏற்கெனவே பாத்திருப்பீகளேம்மா" என்றேன்.

"பாத்தேன் சார். அது மத்தவுக சட்டைக்கு."

புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். அந்தப் பதிவேட்டில் அதன் பிறகு ஓய்வு பெறும் வரை நான் எழுதிய ஒவ்வொரு "சரி"க்கும் பஸ் ஏறிப் போய்வந்தேன்.