முட்டியைப் பார்த்துப் பெயர் சொல்கிறவர்

பழைய குரூப் போட்டோ ஒன்றைக் கையில் கொடுத்தால் ராஜாங்கம் முதலில் முட்டியைத்தான் பார்க்கிறார். பூதக்கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்து, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரர்களின் முட்டிகள்மேல் ஒவ்வொன்றாக நகர்த்துகிறார். "மூஞ்சி மாறிப் பூடும்பா. முட்டி மாறாது. நாப்பது வருசமா பாத்துக்கினு இருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்கிறார். யாருடைய முட்டியை எப்போது பார்த்தார் என்று இதுவரை எவரும் கேட்டதில்லை.

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் வேடியப்பனின் போட்டோ ஸ்டுடியோவில் காலை பத்து மணியிலிருந்து ஒரு நாற்காலி அவருக்கென்று கிடக்கிறது. குமாஸ்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் ஒரு பந்தைக்கூட உதைத்ததில்லை. படிக்கும் காலத்தில் டிரில் பீரியட் வந்தால் அவருக்கு வயிற்றுவலியும் கூடவே வந்துவிடும். அதெல்லாம் இப்போது தடையில்லை. செல்லரித்த படத்தில் நிற்கும் எவரையும் விரலால் தொட்டு, "இவரு புட்பால்ல பேக்கு. நிக்கிறதப் பாரு, பேக்கு மாதிரியே நிக்கிறாரு" என்று சொல்லிவிடுவார். கேட்டவர்கள் குனிந்து பார்ப்பார்கள். அவர் சொன்ன பிறகு அப்படித்தான் தெரியும்.

அவர் கைக்கு வரும் எந்த அணியிலும் பிற்காலத்தில் வசதியாக வாழ்ந்த ஒருவராவது இருந்தே தீருவார். ரைஸ் மில் முதலாளி ஒருவர் ஐம்பத்தைந்தாம் வருடத்து வாலிபால் குழுவில் இருந்தார் என்பதை அவர் சொல்லித்தான் அந்த முதலாளிக்கே தெரிந்தது. ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் இறந்து ஒன்பது வருடம் கழித்து கோல்கீப்பர் ஆனார். செருப்பில்லாத கால்களோடு, சட்டைப் பொத்தான் அறுந்து நிற்பவர்களை மட்டும் ராஜாங்கத்தின் பூதக்கண்ணாடி தாண்டிப் போய்விடும். "அது ரிசர்வு. எழுத வேணாம்." அவர் இதுவரை ஒதுக்கிய ரிசர்வுகளைச் சேர்த்தால் நாலு அணி தேறும்.

போன வருடம் திருநாவலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் சடுகுடுக் கழகம் ஆண்டு விழா மலர் போட்டது. ஐம்பத்தெட்டில் உளுந்தூர்பேட்டைப் பந்தயத்தில் ஜெயித்த அணியின் படம் அதில் வர வேண்டும். ஏழு பேர், நடுவில் ஒரு வாலிபன் கோப்பையை மார்போடு அணைத்து நின்றான். ராஜாங்கம் வழக்கம்போல முட்டியைப் பார்த்தார். பிறகு எதிரே உட்கார்ந்திருந்த கழகத் தலைவர் பூமாலையைப் பார்த்தார். அறுபது ஏக்கர் கரும்புக்காரர்.

"ஐயா, இது நீங்கதான்."

"நானா?" பூமாலை திகைத்துப் போனார். "நான் அப்ப பட்டணத்துல படிச்சிக்கினு இருந்தேனே?"

"லீவுக்கு வந்துருப்பீங்க."

பூமாலை யோசித்தார். மறுநாள் லீவுக்கு வந்தது ஞாபகம் வந்தது. மூன்றாம் நாள் கோப்பையின் கனம்கூட நினைவுக்கு வந்துவிட்டது. விழா மேடையில், எதிரணியின் நாலு பேரைத் தொட்டுவிட்டு ஒரே மூச்சில் கோட்டுக்குத் திரும்பியதைக் குரல் தழுதழுக்கச் சொன்னார். பக்கத்தில் ராஜாங்கம் பொன்னாடையோடு உட்கார்ந்து தலையாட்டினார்.

மலர் வந்து பத்து நாள் இருக்கும். கழகக் கட்டடத்தில் மாட்டுவதற்காக அதே படத்தைப் பெரிதாக்கி, அடியில் பெயர் எழுத வேடியப்பன் பேனாவைத் திறந்த நேரத்தில், ஒரு பெண் வயதான மனிதர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டுகிறவள், பெயர் காசியம்மாள். முந்தானையிலிருந்து மலரை எடுத்தாள்.

"வேலைக்குப் போன வூட்ல இந்த புக்கு கெடந்துச்சிங்க. பாத்தா எங்கப்பா. பேரப் படிக்கச் சொன்னேன், வேற யார் பேரோ போட்டுருக்குதுன்னாங்க. எங்க வூட்ல அவரு போட்டோ ஒண்ணுகூட இல்லீங்க. இதுலயாவது அவரு பேரு இருக்கட்டும், மாத்திப் போடுங்க."

ராஜாங்கம் சிரித்தார். "இன்னாம்மா நீ. கோப்பையப் புடிச்சிக்கினு இருக்கிறது கேப்டன். உங்கப்பா ஓரத்துல எங்கியாவது இருப்பாரு, நல்லாப் பாரு."

"ஓரத்துல இருக்கிறது பழனிங்க" என்றார் முனியன், அந்தப் பெரியவர். குரலில் கோபமில்லை. மேசைமேல் கிடந்த பெரிய படத்தில் விரல் வைத்தார். "செத்துட்டான். இது சின்னதுரை, தொடையப் புடிச்சான்னா வுடவே மாட்டான். இது அம்மாசி அண்ணன். கல்ராயன் மலைக்குக் கடுக்கா பொறுக்கப் போயி அங்கியே தங்கிட்டாரு." ஏழு பேரையும் சொல்லி முடித்தார். "பூமாலை ஐயா இதுல இல்லீங்க சார். நாங்க பந்தயத்துக்குப் போக வண்டி கட்டிக் குடுத்தது அவங்கப்பா. நல்ல மனுசன்."

"எல்லாம் சரிப்பா. ஆதாரம் வேணும்ல?"

"காதப் பாருங்க சார்" என்றாள் காசியம்மாள். "அதுக்கு மொத வருசப் பந்தயத்துல கடுக்கனோட புடிச்சி இழுத்துட்டாங்க. பாருங்க." தகப்பனின் முகத்தை மெல்லத் திருப்பிக் காட்டினாள். இடது காது மடல் இரண்டாகப் பிளந்து தொங்கியது.

ராஜாங்கம் கண்ணாடியை எடுத்தார். முதல் தடவையாக அது முட்டியை விட்டு மேலே ஏறியது. கோப்பை, கழுத்து, தாடை. இடது காது. பிளவு தெளிவாக இருந்தது. பிளவுக்கு நடுவில் வெளிச்சம்கூடத் தெரிந்தது.

அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். இந்த ஒருவரை உள்ளே விட்டால் பூமாலை வெளியே போக வேண்டும். பூமாலை போனால் ரைஸ் மில்காரர் நிற்பாரா? ஜவுளிக்கடைக்காரர்? இன்னும் எத்தனை வீட்டுக் கூடங்களில் எத்தனை படங்கள் சட்டம் போட்டுத் தொங்குகின்றன! ஒரு கூலிக்காரனின் காதுக்காக இத்தனை பெரிய மனிதர்களைச் சுவரிலிருந்து இறக்குவதா? முனியன் அவசரப்படாமல் நின்றார். காசியம்மாள் ராஜாங்கத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இன்னா எழுதட்டும்?" என்றார் வேடியப்பன்.

ராஜாங்கம் கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டார். பெரிதாக்கிய படத்தைத் தன் பக்கம் இழுத்து, இடது கட்டைவிரலை அந்தக் காதின்மேல் வைத்து நகம் வெளுக்கும்வரை அழுத்திக்கொண்டார்.

"எழுது. நடுவுல, பூமாலை, கேப்டன்."