மூன்று எட்டு

எங்கள் தெருவில் அமாவாசைக்குத் தறி ஓடாது. மற்ற நாட்களில் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் பொதுச்சுவரைத் தாண்டி வரும். என் மனைவியும் நானும் உரக்கவே பேசிப் பழகியிருந்தோம். தெரு அடங்கிப்போகும் அந்த ஒரு பகலில் நாங்கள் பேச மாட்டோம், போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடுவோம். செல்போனில் பார்த்துக் கற்றது. காசு கிடையாது, சோழிதான்.

அவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருந்தது. போனால் திரும்பி வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள். "போகட்டுமா?" என்று மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் "உன் இஷ்டம்" என்றேன்.

ஆடி அமாவாசையன்று சோழிகளைப் பாதிப்பாதியாகப் பிரித்தபடி சொன்னாள்: "ஒரே ஆட்டம்பா. நீ ஜெயிச்சா நான் போகல. நான் ஜெயிச்சா கிளம்பிடுவேன்."

"இதையெல்லாம் போய் சீட்டுலயா முடிவு பண்றது?"

"நீதான் பண்ண மாட்டேங்கிறியே."

என் கையில் இரண்டு எட்டு. இருவருக்கும் பொதுவாக நடுவில் விரித்த மூன்று சீட்டுகள் ராஜா, எட்டு, நாலு. எனக்கு மூன்று எட்டு சேர்ந்துவிட்டது. அந்த நிமிடத்தில் மூன்று ராஜா வைத்திருப்பவர் மட்டுமே என்னை வெல்ல முடியும். உடனே சோழிகளைப் பந்தயமாக நடுவில் தள்ளியிருக்க வேண்டும். பலமான கை வந்தால் ஒளித்துவைப்பது என் வழக்கம்; எதிராளி தானாக உள்ளே வரட்டும் என்று. பந்தயம் வைக்காமல் விரலால் தரையைத் தட்டினேன்.

"செக்கா?" என்று என் முகத்தைப் பார்த்தாள்.

"செக்."

அவளும் தட்டினாள். நான்காவது சீட்டு அஞ்சு. இப்போது எல்லாச் சோழிகளையும் தள்ளினேன். அவளும் தள்ளிவிட்டுக் கையைத் திறந்தாள். ஆறு, ஏழு. நாலிலிருந்து எட்டு வரை வரிசை; மூன்று எட்டை விட அது பெரியது. கடைசியாக விழுந்த ராணி எதையும் மாற்றவில்லை.

என் இரண்டு எட்டுகளையும் திருப்பிப் பார்த்தாள்.

"மூணு சீட்டு விழுந்தப்பவே நீ சோழி வச்சிருந்தா, நான் சீட்டத் தூக்கிப் போட்டிருப்பேன்பா. எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. அஞ்சு வந்தாத்தான் உண்டு." சீட்டுகளைச் சேர்த்து அடுக்கியபடி, "இவ்ளோ வச்சிக்கினு சும்மா இருந்திருக்கியே" என்றாள். குரலில் கோபம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெட்டிகளோடு பேருந்து நிலையம் போனோம். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஓட்டுநர் வர இன்னும் நேரம் இருந்தது. நான் கீழே நின்றுகொண்டு, தண்ணீர் பாட்டில் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன்.

வேண்டாம் என்றாள்.