மூன்றாம் ஓலை

தேவமணி அம்மாள் எனக்கு உறவு இல்லை. அவள் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஹெப்சிபா எனக்குச் சித்தியாக வந்திருப்பாள். தாயில்லாத ஒன்பது வயதுப் பெண்ணான எனக்கு அப்போது அது சின்ன விஷயமில்லை. ஆகவே தேவமணி அம்மாளைப் பற்றி எழுதும்போது அங்கங்கே வயிற்றெரிச்சல் தட்டினால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவளைப் பிடிக்காமல் இருக்க நான் எவ்வளவோ முயன்று பார்த்தவள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் வருஷம். பாளையங்கோட்டையில் மிஷன் வளவின் கோடியில் ஓடு வேய்ந்த சின்ன வீடு ஒன்றில் தேவமணியும் ஹெப்சிபாவும் குடியிருந்தார்கள். இருவரும் வேத ஸ்திரீகள். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்தும் பின்னல் வேலையும் சொல்லிக்கொடுத்து, அந்தச் சாக்கில் வேதக் கதையும் சொல்லுகிறவர்களுக்கு அன்றைக்கு அந்தப் பெயர். ஒருத்தி தனியாகப் போகக்கூடாது, ஜோடியாகத்தான் போகவேண்டும் என்பது மிஷன் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவர்கள் அதில் என்னென்ன விளையும் என்று யோசித்திருக்க மாட்டார்கள்.

தேவமணிக்கு அப்போது முப்பத்தைந்து வயது. பத்தொன்பதில் புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். அவரைப் பற்றிக் கேட்டால் "நல்ல மனுஷன்" என்பாள், அதற்கு மேல் ஒரு சொல் வராது. கதை சொல்லும்போது தவிர மற்ற நேரத்தில் அவளிடம் பேச்சை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. ஹெப்சிபா நேர் எதிர். எட்டு வயது இளையவள், தாய் தகப்பனை வாந்திபேதிக்குக் கொடுத்துவிட்டு மிஷன் விடுதியில் வளர்ந்தவள், வாய் ஓயாமல் பேசுவாள், சோறு வைத்தால் ஒரு நாளும் பதமாக இருக்காது. ஏழு வருஷம் அந்தக் குழைந்த சோற்றைக் குறை சொல்லாமல் தின்றாள் தேவமணி. இதை வைத்தே அவள் மனசு என்னவென்று ஊர் கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் ஊர் அவளுக்குப் பொறுமைசாலி என்று பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டது.

என் அப்பா இஸ்ரவேல், குலசேகரன்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு பனங்காட்டு ஊரில் சபையைப் பார்த்துக்கொண்ட உபதேசியார். அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெண்களின் ஊழியத்தையெல்லாம் பார்த்துக்கொண்ட வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாளுக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய் கிடைத்தது. உபதேசியாருக்குப் பெண்சாதி ஆயிற்று, கடற்கரைப் பக்கத்துப் பெண்களுக்கு வேதம் சொல்ல ஆளும் ஆயிற்று. ஹெப்சிபாவைக் கேட்டார்கள். அவள் தேவமணியிடம் வந்து கேட்டாள்.

"என்னக்கா சொல்லுதிய?"

"நல்ல எடம். போ," என்றாள் தேவமணி.

வேறென்ன சொல்வாள்? சின்னவளுக்கு ஒரு குடும்பம் அமைகிறது, அதைத் தடுப்பது பாவம் என்று நினைத்தாள். போகாதே என்று சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டுமே, அந்தக் காரணத்துக்கு அவளிடம் பேர் இல்லை. ஹெப்சிபா அவள் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, சரி என்று மிஸ்ஸியம்மாளிடம் சொல்லிவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிப்பார்கள். மாப்பிள்ளை பெண் பேரை வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் சொல்லலாம் என்று குருவானவர் கேட்பார். யாரும் சொல்லமாட்டார்கள். மூன்றாம் ஓலையும் வாசித்து முடிந்தால் அதற்குப்பின் பேச்சில்லை. முதல் ஓலையைச் சாலமோன் ஐயர் வாசித்தார். குருவானவரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வது. தேவமணி பாயில் நேராக உட்கார்ந்து கேட்டாள்.

அந்த வாரம் புதன்கிழமை இருவரும் வழக்கம்போல ஆற்றுப் பாலத்தைத் தாண்டித் திருநெல்வேலிக்கு ருக்கு அம்மாள் வீட்டுக்குப் போனார்கள். ஆற்றங்கரைத் தெருவில் படித்த பிராமணக் குடும்பம். வாசலை ஒட்டிய ரேழியோடு இவர்களை நிறுத்திவிடுவார்கள், ஆனால் கதை என்றால் அந்த அம்மாளுக்கு உயிர். அன்றைக்கு ஹெப்சிபா ரேழிக்கு அடுத்த சின்ன அறையில் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க, தேவமணி ரேழியில் உட்கார்ந்து ரூத்தின் கதையைச் சொன்னாள். புருஷனை இழந்த ரூத், மாமியார் நகோமி திரும்பிப் போ என்று எத்தனை சொல்லியும் கேட்காமல், எங்கே போனாலும் உடன் வருவேன், சாகிற ஊரும் நமக்கு ஒன்றுதான் என்று சொல்லும் இடம் வந்தது. ருக்கு அம்மாள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"இது ஒங்க வேதத்துல எழுதியிருக்கா? மாட்டுப்பொண் மாமியார்கிட்ட இப்படிச் சொன்னாளாக்கும்? என் மாட்டுப்பொண்கள் மூணு பேரும் நான் எப்போ காசிக்குக் கிளம்புவேன்னு பாத்துண்டிருக்கா. வேற கதை சொல்லுங்கோ."

அந்த அம்மாளின் மகள் கோமு, புருஷன் போய்த் தாய் வீட்டோடு வந்துவிட்ட இருபத்துநாலு வயதுப் பெண், பின்னலில் இருந்து தலையைத் தூக்காமல் பேசினாள்.

"மாமியார்னு நெனச்சாத்தாம்மா சிரிப்பு வரும். அந்த உறவை எடுத்துட்டுப் பாரேன். புருஷன் போயாச்சு, கட்டுப்படுத்த ஒண்ணுமில்லை, போன்னு வேற சொல்லியாச்சு. அப்புறமும் போகமாட்டேங்கறா. அவளுக்கு இவளைப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

"பிடிச்சிருக்குன்னா?"

"ஆம்படையானைப் பிடிக்கிறாப்பல."

"போறும், நூலைப் பாரு," என்றாள் ருக்கு அம்மாள்.

இப்படி யாராவது சொன்னால் திருத்த வேண்டும், கதையின் சாரம் விசுவாசம் என்று எடுத்துச்சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷம் அந்த வேலையைச் செய்தவளுக்கு அது தூக்கத்திலும் வரும். அன்றைக்கு வரவில்லை. முடிவில் செய்கிற ஜெபத்தையும் மறந்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். பாலம் தாண்டும் வரை ஹெப்சிபாவும் பேசவில்லை. இது அதிசயம் என்பது தேவமணிக்கு அப்போது உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வேதத்தை எடுத்து வைத்துக்கொண்டு இதுபோல் இன்னொரு கதையைத் தேடினாள். ராஜாவின் மகன் யோனத்தான், ஆடு மேய்க்கிற தாவீதை முதல்நாள் பார்த்ததுமே தன் மேலங்கியைக் கழற்றிக் கொடுக்கிறான், பட்டயத்தையும் வில்லையும் கொடுக்கிறான். அவனுக்காக ராஜாவான தகப்பனையே பகைக்கிறான். வயல்வெளியில் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அவன் செத்தபோது தாவீது, பெண்களின் நேசத்தைவிட உன் நேசம் பெரிதாக இருந்ததே என்று புலம்புகிறான். நல்ல சிநேகிதத்துக்குப் பாடம் என்று இதை அவள் நூறு வீட்டில் சொல்லியிருக்கிறாள். அன்று வாசித்தபோது தன் வீட்டுச் சமாசாரத்தை யாரோ முன்னாலேயே எழுதி வைத்துவிட்டதாகத் தோன்றியது.

அதெப்படி அப்படி வாசிக்கலாம் என்று என்னிடம் சண்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் வேதசாஸ்திரம் படித்தவள் இல்லை. ரூத்து மனசில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, சண்டைக்கு வருகிறவர்களுக்கும் தெரியாது. தேவமணி மனசில் என்ன இருந்தது என்று தெரியும். பிற்பாடு நான் பாளையங்கோட்டை விடுதியில் தங்கிப் படித்தபோது, கேட்டுச் சண்டை போடுவதற்காகவே அந்த வீட்டுக்குப் போய், அவள் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் ஞாயிறு. ஐயர் ஓலை வாசித்தார், தடை உண்டா என்று கேட்டார். ஹெப்சிபா திரும்பித் தேவமணியைப் பார்த்தாள். தேவமணி தலையைக் குனிந்துகொண்டாள். ஐயர் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார்.

அதற்குப்பின் அந்த வீட்டில் ஒரே எரிந்து விழுதல். பெட்டியில் சேலையை அடுக்கும்போது ஹெப்சிபா சேலையோடு சண்டை போட்டாள், அடுப்போடு சண்டை போட்டாள். தேவமணிக்குப் பயம். சொன்னால் என்ன ஆகும்? அவள் அருவருத்துவிட்டால் ஏழு வருஷமும் பொய்யாகப் போகும். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமையோடு அவள் போய்விடுவாள்.

சனிக்கிழமை மத்தியானம் திருநெல்வேலியில் ஒரு வீட்டை முடித்துக்கொண்டு திரும்பும்போது பாலத்தின் நடுவில் தேவமணி நின்றுவிட்டாள். கீழே தாமிரபரணியில் முழங்கால் தண்ணீர்தான்.

"ஏட்டி, நில்லு."

"என்னத்துக்கு? வெயிலு பொளக்குது."

"நீ போவாண்டாம்."

"நல்ல எடம்னு நீங்கதானே சொன்னிய."

"பொய் சொன்னேன்."

ஹெப்சிபா குடையை இறக்கினாள். தேவமணி ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ரூத்து சொன்னாள்லா, அதை நான் உங்கிட்டச் சொல்லுதேன். பாடமாச் சொல்லல. நீ இல்லாம எனக்கு முடியாது."

ஹெப்சிபா நடுப்பாலத்தில் நின்று அழுதாள். அழுகை முடிந்ததும் கோபம் வந்தது.

"கோமு சொன்னது உள்ளுக்க இருந்த எனக்கும் கேட்டுது. அன்னையிலேர்ந்து பத்து நாளா, இன்னைக்குச் சொல்லுவிய, நாளைக்குச் சொல்லுவியன்னு காத்துக் கெடக்கேன். நாளைக்கு மூணாம் ஓலை. இப்பத்தான் வாய் வந்துச்சா?"

"நீயாவது சொல்லியிருக்கலாம்லா."

"நான் சொன்னா முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணுன்னு சொல்லியிருப்பிய."

அது உண்மை என்று தேவமணியே என்னிடம் ஒத்துக்கொண்டாள். அப்படியே இருவரும் நேரே சாலமோன் ஐயர் வீட்டுக்குப் போனார்கள். ஓலை வாசிக்க வேண்டாம் என்றாள் ஹெப்சிபா. வேறு மாப்பிள்ளை யாரும் உண்டா என்று ஐயர் கேட்டார். இல்லை என்றாள்.

"பின்ன என்ன தடை?"

"தேவமணி அக்காள விட்டு நான் வரமாட்டேன். அதுதான் தடை."

"மகளே, சிநேகிதியப் பிரிஞ்சுதான் எல்லாப் பிள்ளைகளும் புருஷன் வீட்டுக்குப் போகுதாவ."

"ரூத்து பிரியலயே ஐயா."

"ரூத்து பெறவு போவாசைக் கல்யாணம் கட்டினா. அதையும் படிச்சிருப்ப."

இதற்குத் தேவமணி பதில் சொன்னாள். "கட்டினாய்யா. நகோமியக் கூட வச்சுக்கிட்டுல்லா கட்டினா. உபதேசியார் வீட்டுக்கு என்னையும் கூட்டிட்டுப் போவாகளா?"

ஐயருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "நீங்க சொல்லுதது எனக்கு விளங்காமல் இல்ல. சரின்னு சொல்லத் துணிச்சல் இல்ல. மனசு ஒப்பாத பிள்ளைக்கு ஓலை வாசிக்கவும் மாட்டேன்," என்றார்.

மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. சபை முழுக்க அன்றைக்கு அதுதான் பேச்சு. மிஸ்ஸியம்மாள் கொதித்துப் போனாள். உபதேசியாரை அவமானப்படுத்தியாயிற்று, அவர் ஒரு வரி புகார் எழுதினால் போதும், இருவருக்கும் வேலை கிடையாது, வளவு வீடு கிடையாது, ஆளுக்கு ஒரு ஊராக அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னதைச் செய்கிறவள். ஆக எல்லாம் என் அப்பா கையில் வந்து நின்றது.

செவ்வாய்க்கிழமை அப்பா மாட்டுவண்டி கட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனார். கோபமாகத்தான் போனார். ஊர் பூராவுக்கும் கல்யாணம் சொல்லிவிட்ட மனுஷன் அல்லவா? அந்த வீட்டு வாசலில் ஏறி, உட்காரச் சொல்லியும் உட்காராமல், தேவமணியிடம் கேட்டார்.

"ஒரு கேள்விதான். இந்தப் பிள்ளைய வேலைக்குத் துணை வேணும்னு நிறுத்துதியளா?"

"வேலை போனாலும் இவ எங்கூட இருக்கணும்."

"சிநேகமா?"

"சிநேகம்னுதான் இத்தனை வருஷம் சொல்லிக்கிட்டிருந்தேன்," என்றாள் தேவமணி. "அந்தச் சொல்லு போதல."

என் அம்மா கடைசி நாளில் கிடந்தபோது, மருந்துக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு தான் எப்படி நின்றாரோ அப்படி அந்த அம்மாள் நின்றாள் என்று அப்பா பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னார். ஹெப்சிபா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு மிஸ்ஸியம்மாள் பங்களாவுக்குப் போனார். புகார் எழுதவில்லை. கல்யாணம் வேண்டாம் என்று தானே சொல்லிவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பொய்தான். உபதேசியார் எழுதிய பொய்.

அந்த ஒரு காகிதத்தால் அவர்கள் அந்த வீட்டில் இன்னும் பத்தொன்பது வருஷம் இருந்தார்கள். தேவமணி கண் பார்வை மங்கின பிறகும் கதை சொல்லப் போனாள், ஹெப்சிபா கைப்பிடித்துக் கூட்டிப் போனாள். முதலில் போனவள் தேவமணி. அடக்கத்தின்போது பெண்சாதி நிற்கிற இடத்தில் ஹெப்சிபா நின்றதை நான் பார்த்தேன். யாரும் விலகச் சொல்லவில்லை.

அப்பா ஊருக்குத் திரும்பி வந்த அன்றைக்கு எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? வண்டிச் சத்தம் கேட்டு ஓடினேன். அப்பா மட்டும் இறங்கினார். வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன்.

"சித்தி எங்கப்பா?"

அப்பா என் தலையில் கையை வைத்தார்.

"அவ ஏற்கெனவே வாக்கப்பட்ட பொண்ணு தாயி. தெரியாமக் கேட்டுட்டோம்," என்றார்.