சிப்புக்குப் பக்கத்தில் என் பெயர்

தேவகியம்மாவின் வேலை போனதற்கு நான்தான் காரணம். அவர் எந்தச் சுவிட்சையும் தவறாக அழுத்தவில்லை...

மயிலாப்பூரில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் மாடிப்படி பெருக்கியவர் அவர். தண்ணீர் மோட்டாரையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். கூவம் கரையிலிருந்து ஊருக்கு வெளியே குடியமர்த்தப்பட்ட குடும்பம். இரண்டு பஸ் மாறி வருவார்.

நான் நந்தனத்தில் சர்க்யூட் போர்டு வடிவமைப்பவன். மேல்தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்கும்படி ஒரு போர்டு செய்து கொடுத்தேன். அவசரத்துக்குக் கையால் போட ஒரு சுவிட்சும் பக்கத்தில் உண்டு. எவ்வளவு பெருமை எனக்கு!

மோட்டார் கிளம்பும் நொடியில் மின்சாரம் ஓர் உதறு உதறும். அந்த உதறல் எட்டினால் போர்டிலுள்ள சிப் அப்படியே உறைந்து, மோட்டாரை நிறுத்தாமல் விட்டுவிடும். அதைத் தடுக்க மிளகளவு கெபாசிட்டர் ஒன்றைச் சிப்பின் காலடியிலேயே வைக்க வேண்டும். குழாய் நின்றாலும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு குடம் தண்ணீர் இருப்பதுபோல. தள்ளி வைத்தால் பயனில்லை. அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் இதைப் பாடம் நடத்துகிறவன் நான்.

அந்த நான் தள்ளி வைத்தேன். ஏன் தெரியுமா? சிப்புக்குப் பக்கத்தில் என் பெயரை வெள்ளை எழுத்தில் அச்சிட இடம் வேண்டியிருந்தது... சிரிக்காதீர்கள்.

"சார், மோட்டார் கெளம்பசொல்லோ பொட்டில கீற பச்ச லைட்டு ஒரு வாட்டி கண்ணடிக்குது. அப்பால கம்முனு கீது" என்றார் தேவகியம்மா ஒருநாள். மொத்த நோயையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். நான் என்ன சொன்னேன்?

"நீங்க அதைத் தொடாம இருந்தாலே போதும்மா."

அடுத்த வாரம் ஒருநாள் காலை முழுவதும் மேல்தொட்டி வழிந்தது. கடுங்கோடையில் கீழ்த்தொட்டி வறண்டது; மாலைக்குள் மேல்தொட்டியும் காலி.

"ஆத்துல ஒரு சொட்டு ஜலம் இல்லே. உன் போர்டா, அவளா?" என்று கேட்டார் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மாமா.

"போர்டுல தப்பு வராது மாமா. கையால போடுற சுவிட்சை யாரோ போட்டுட்டு மறந்திருப்பாங்க."

யாரோ! அதைத் தொடுகிறவர் கட்டடத்திலேயே ஒருவர்தான். அப்போதே உனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்களா? சந்தேகம் இருந்தது... தெரிந்துகொள்ள விரும்பவில்லை. மறுநாள் அவரை வர வேண்டாம் என்றார்கள்.

பிறகு ஒரு மதியம் போர்டைக் கழற்றி, என் பெயரைச் சுரண்டி எறிந்து, அதே இடத்தில் கெபாசிட்டரைப் பற்றவைத்தேன். பத்து நிமிட வேலை. அதன்பின் தொட்டி வழியவே இல்லை. பெயரைக் காணாத செயலாளர், "என்ன தன்னடக்கம்!" என்று சங்கக் கூட்டத்தில் மெச்சினார். கைதட்டினார்கள். எனக்கு என்மேல் வந்த எரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

போன மாதம் கொட்டிவாக்கம் பஸ் நிறுத்தத்தில் தேவகியம்மாவைப் பார்த்தேன். அங்கே இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாராம்.

"தொட்டி இன்னும் வழியுதா சார்?"

"இல்லம்மா."

சற்று யோசித்தார். "அப்ப நான்தான் எதுனா தப்பா அமுக்கிட்டேன் போல கீது. மனசுல வெச்சிக்காத சார்."

அவருடைய பஸ் வரப் பத்து நிமிடம் ஆனது. அதுவரை பக்கத்திலேயே நின்றேன். பஸ் வந்ததும், "பாத்து ஏறுங்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.