இரண்டு ஊர் போதும்

அந்த அம்மாவின் முகம் முதல்முறை எங்கள் கணினித் திரையில் வந்தபோது பாதிதான் தெரிந்தது. நரைத்த முடி, நெற்றி, இரண்டு கண்கள். மீதித் திரை முழுக்க அவர் வீட்டுச் சமையலறையின் கூரை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன்தான் பேசினார். அம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு, பள்ளிக்கூட உணவகத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அப்பா போன பிறகு வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லை, அமெரிக்காவைத் தாண்டி ஒருநாளும் போனதில்லை, அதனால் பிள்ளைகள் நாங்கள் சேர்ந்து அவரைத் தனியாக ஐரோப்பாவுக்கு அனுப்பப்போகிறோம் என்றார். லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், சுவிட்சர்லாந்து, வெனிஸ், ரோம் என்று அடுக்கிக்கொண்டே போனார். அந்த அம்மா நடுவில் வாய் திறந்தது ஒரே ஒரு தடவை. ரயில் நிலையங்களில் படிக்கட்டு நிறைய இருக்குமா, கழிவறை எங்கே என்று யாரிடம் கேட்பது என்று கேட்டார். மகன் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எங்கள் டீம் லீடர் அக்கா சிரிக்கவில்லை.

ராஜபாளையத்தில் தென்காசி சாலையில், பேண்டேஜ் துணி குடோனுக்கு மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். அமெரிக்காவில் இருப்பவர்கள் சுற்றுலா போக, இங்கிருந்தபடியே திட்டம் போட்டு, டிக்கெட்டும் அறையும் ஏற்பாடு செய்து கொடுப்பது வேலை. அவர்களுக்கு விடியும்போது எங்களுக்குச் சாயங்காலம். நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். அக்கா மம்சாபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். கணவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த நாற்காலி; அவருடைய அழைப்புகளில் நானும் இணைந்திருப்பேன் என்பதால் இரண்டு பக்கப் பேச்சும் என் காதில் விழும். வாடிக்கையாளரிடம் அவர் பேசும் ஆங்கிலத்தில் அவசரமே இருக்காது. எதிரே இருப்பவர் சொல்லி முடித்த பிறகும் கொஞ்சம் காத்திருப்பார். அந்த இடைவெளியில்தான் பலரும் உண்மையைச் சொன்னார்கள்.

மறுநாள் அக்கா அந்த அம்மாவைத் தனியாக அழைத்தார். எந்த ஊர் பார்க்க ஆசை என்று கேட்கவே இல்லை. போனால் எதற்குப் பயம் என்று கேட்டார். பதில் மடமடவென்று வந்தது. முழங்கால் வலி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தினமும் ஊர் மாறுவது. கூட்டத்தில் பின்தங்கிப்போய் வழி தவறுவது. பாஷை தெரியாத இடத்தில் அசட்டுத்தனமாக நிற்பது. கடைசியில், "நான் போகவில்லை என்று சொன்னால் பிள்ளைகள் மனசு உடைந்துபோவார்கள். ஏற்கெனவே இரண்டு பயணத்தை ரத்து செய்துவிட்டேன்" என்றார்.

அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, இந்தத் தடவையும் அவிய போகலன்னா, இனி வாசப்படியத் தாண்டவே மாட்டாவ."

இரண்டு நாள் அக்கா அந்தத் திட்டத்தோடு மல்லுக்கட்டினார். ஆறு ஊரும் போயின. முதலில் அயர்லாந்தின் மேற்குக் கரையில் கால்வே. அங்கே ஆங்கிலம் பேசுகிறார்கள், ஊர் சின்னது, கடற்கரை வரை நடந்தே போய்வரலாம். ஒரு வாரம் ஒரே அறை, பெட்டி கட்டும் வேலையே கிடையாது. பயம் தெளிந்த பிறகு பாஷை தெரியாத ஊர் ஒன்று, ஒன்றே ஒன்று. போர்ச்சுகல் என்று முடிவானது. நான் லிஸ்பன் என்றேன். ஏற்றமும் இறக்கமுமான ஊர், முழங்காலுக்கு ஆகாது என்று தள்ளினார். போர்ட்டோவும் அதே கதை. விமானம் இறங்க மட்டும் அது போதும் என்று வைத்துக்கொண்டார். அங்கிருந்து ஒரு மணி நேர ரயிலில் அவெய்ரோ என்ற ஊர். உள்ளங்கை போலச் சமதளம், ஊருக்குள்ளே வாய்க்கால், அதில் படகு, பக்கத்திலேயே மீன் சந்தை. ஆயுள் முழுக்கச் சமைத்தவருக்குச் சந்தை பிடிக்காமல் போகுமா?

"பாரிஸ் கூட இல்லாம ஐரோப்பாவாக்கா?" என்றேன்.

"பாரிஸ் எங்கிட்டும் ஓடிப்போவாது. மொதல்ல இவிய வெளிய வரட்டும்."

மகனுக்கு அது பிடிக்கவில்லை. வாழ்க்கையில் ஒரு தடவை போகிறவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வர வேண்டாமா என்று முதலாளிக்கே போன் செய்துவிட்டார். முதலாளி எங்கள் மேஜைக்கு வந்து நின்றார். "கேக்கிறதக் குடுத்துட்டுப் போங்கம்மா. நமக்கு எதுக்கு வம்பு?" என்றார். அக்கா எழுந்து நின்றார். குரல் உயரவில்லை. "சார், ஆறு ஊர்னா அவிய கெளம்பவே மாட்டாவ. ரெண்டு ஊர்னா கெளம்புவாவ. கேன்சல் ஆச்சுன்னா எம்பேர எழுதிக்கிடுங்க" என்றார். அந்த மாதம்தான் சம்பள உயர்வுக்கும் பதவி உயர்வுக்கும் பெயர்ப் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கும் அது தெரியும். பிறகு மகனிடம் அவரே பேசினார். எல்லாவற்றையும் இப்போதே பார்த்துவிட்டால் உங்கள் அம்மா இரண்டாவது முறை போக என்ன மிச்சம் இருக்கும் என்று கேட்டார். மகன் அரைமனதாக ஒப்புக்கொண்டார். பக்கத்திலிருந்து அந்த அம்மா முதல்முறையாகச் சிரிப்பது கேட்டது.

கால்வேயிலிருந்து நல்ல செய்திதான் வந்தது. மழை, சூப்பு, கடற்கரையில் ஒரு நாய் என்று தினமும் ஒரு படம் வரும். நாங்கள் அசந்திருந்தபோது போர்ட்டோவிலிருந்து அழைப்பு வந்தது. இங்கே வெயில் மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்முனையில் அழுகை. அவெய்ரோ போகும் ரயில் ரத்தாகியிருந்தது. ஒலிபெருக்கியில் சொல்வது எதுவும் புரியவில்லை. மகனிடம் சொல்லித் திரும்பி வர டிக்கெட் போடுங்கள் என்றார் அந்த அம்மா. கார் பிடித்து அனுப்பிவிடலாம் என்று நான் எண்ணைத் தேடத் தொடங்கினேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் கேட்ட முதல் கேள்வி, சாப்பிட்டீர்களா என்பதுதான்.

காலையிலிருந்து சாப்பிடவில்லையாம். பெட்டியை விட்டு நகரப் பயமாம்.

"நானும் ஒரு தடவை அப்படி உட்கார்ந்திருக்கிறேன்" என்று அக்கா ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தார். எனக்கே அது புதுச் செய்தி. கல்யாணமான புதிதில், கைக்குழந்தையோடு, வடக்கே கணவர் இருந்த அம்பாலா ராணுவ முகாமுக்குத் தனியாக ரயிலேறியிருக்கிறார். ஒரு சொல் இந்தி தெரியாது. வழியில் எந்த நிலையத்திலும் இறங்கவில்லை, எதுவும் வாங்கவில்லை. எதிரே இருந்த சர்தார் வீட்டுப் பெண் ஒரு ரொட்டியைச் சுருட்டிக் கையில் திணித்தாளாம். அதைத் தின்ற பிறகுதான் சன்னலுக்கு வெளியே வயலும் மரமும் இருப்பதே கண்ணில் பட்டது என்றார். "பெட்டியையும் உருட்டிக்கொண்டு எதிரில் இருக்கிற கடைக்குப் போங்கள். வேண்டியதை விரலால் காட்டுங்கள். நான் லைனிலேயே இருக்கிறேன்."

பெட்டிச் சக்கரம் உருளும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. தட்டு வைக்கும் சத்தம். அந்த அம்மா தடுமாறி, போர்ச்சுகீசிய மொழியில் நன்றி சொன்னதும் கேட்டது. சாப்பிட்டு முடிந்ததும், குழந்தையோடு நிற்கும் பெண் யாராவது இருந்தால் டிக்கெட்டைக் காட்டுங்கள் என்றார் அக்கா. அப்படி ஒருத்தி கிடைத்தாள். அடுத்த ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது, நானும் அதில்தான் போகிறேன் என்று அவள் கையாலேயே புரியவைத்திருக்கிறாள். "கார் வேண்டுமானால் இப்போதே சொல்கிறேன். ரயில் என்றால் காத்திருக்க வேண்டும். உங்கள் இஷ்டம்" என்றார் அக்கா. அந்த அம்மா பெட்டியை மறுபடி உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு, ரயிலிலேயே போகிறேன் என்றார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டபோதுதான் அவருக்கும் வியர்த்திருந்தது எனக்குத் தெரிந்தது.

அவெய்ரோ போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் படம் எதுவும் வரவில்லை. அக்கா செய்தி அனுப்பிப் பார்த்தார். விடுதிக்கும் போன் செய்தார். காலையிலேயே கிளம்பிப் போனார் என்றார்கள். மறுநாள் நான் வேலைக்கு வந்தபோது அக்கா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயிம்ப்ரா என்ற மலையூரின் படிக்கட்டில், பாதி உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த அம்மா கையசைக்கும் படம். எங்கள் திட்டத்தில் அந்த ஊரே கிடையாது.

"சொல்லாமக் கொள்ளாம ரயிலேறிப் போயிருக்காவ பாரேன்! அம்புட்டுப் படி ஏறியிருக்காவ!" என்று அக்கா அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

ஊர் திரும்பியதும் நன்றி சொல்ல அந்த அம்மா அழைத்தார். இந்த முறை முகம் முழுதாகத் தெரிந்தது. அடுத்தது பாரிஸ், டிக்கெட்டை நானே போட்டுக்கொள்வேன் என்றார். முதலாளி காதில் விழுந்தால் சந்தோஷப்பட மாட்டார். அக்காவுக்கு மனம் நிறைந்துபோனது. பேச்சோடு பேச்சாக அந்த அம்மா, "அவெய்ரோவுக்கு நீங்கள் எத்தனை தடவை போயிருக்கிறீர்கள்? இவ்வளவு சரியாகச் சொன்னீர்களே" என்று கேட்டார்.

அக்கா எப்போதும்போல் கொஞ்சம் காத்திருந்தார். "நான் விமானமே ஏறினதில்லை" என்றார். "நான் போன தூரம் அம்பாலாதான்."

அந்த அம்மா திகைத்துப்போய் அவரையே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அப்படியானால் நான் சொல்கிறேன், கேளுங்கள்" என்று தொடங்கினார். வாய்க்கால் தண்ணீரின் நிறம், சந்தையில் மீன் அரிகிற பெண்களின் கூச்சல், மெல்லிய ஓட்டுக்குள் முட்டைக்கரு வைத்த இனிப்பு, கோயிம்ப்ராவின் படிகளில் தன்னைக் கைபிடித்து ஏற்றிவிட்ட மாணவர்கள். அக்கா வரிசையில் காத்திருந்த அழைப்புகளை என் பக்கம் தள்ளிவிட்டார். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரே ஒரு தடவைதான் குறுக்கிட்டார்.

"படிக்கட்டு மேலே போனதும் என்ன தெரிந்தது?"